தலைப்பிரசவம்: தைரியத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள், பழத்தோடும் பூவோடும் ஆளுக்கொரு பிரசவக் கதையையும் கொண்டுவருகிறார்கள். மூன்று நாள் வலியில் கிடந்தவள் கதை, கொடி சுற்றிய கதை, கடைசி நேரத்தில் ஆபரேஷன் ஆன கதை. நல்லபடியாக முடிந்த பிரசவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏழாம் மாதத்திலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணிடம், அதே உறவினர்கள் கிளம்பும்போது "ஒண்ணும் பயப்படாதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அப்படிச் சொன்னதால் ஒரு பெண்ணுக்குப் பயம் போனதை, பிரசவ அறையில் செவிலியராக இருந்த இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. அமைதியாகப் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் ஊசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்பிக்கையான ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். கேட்க வேண்டியதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார்கள். இவை மூன்றையும் எட்டாம் மாதத்துக்குள் யாராலும் ஏற்பாடு செய்துகொள்ள முடியும். கர்ப்பிணி மட்டும் செய்ய வேண்டிய வேலையும் இல்லை இது. கணவரும் அம்மாவும் மாமியாரும் சேர்ந்து செய்ய வேண்டியது.

முதலில் பயம் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பயந்தால் அட்ரினலின் சுரக்கும். உடம்பு ஓடுவதற்குத் தயாராகும், தசைகள் இறுகும். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் அமைதியான, பழகிய சூழலில்தான் தாராளமாகச் சுரக்கும். வீட்டில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வலி, மருத்துவமனைக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் தளர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மகப்பேறு மருத்துவர் 1930-களிலேயே இதைப் பற்றி எழுதினார். பயம் இறுக்கத்தைக் கூட்டும், இறுக்கம் வலியைக் கூட்டும், வலி மறுபடி பயத்தைக் கூட்டும் என்பது அவர் சொன்னது. பயம் போய்விட்டால் வலியே இருக்காது என்கிற அளவுக்குப் பிற்பாடு சிலர் பேசினார்கள். அதை நான் ஏற்கவில்லை. பிரசவ வலி நிஜமான வலி. இல்லை என்று சொல்லி அனுப்பினால், வலி வரும்போது தன் உடம்பில் ஏதோ கோளாறு என்று அந்தப் பெண் மிரண்டுபோவாள்.

ஆனால் இந்த வலி விட்டு விட்டுத்தான் வரும், இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில்கூடப் பத்து நிமிடத்துக்கு மூன்று அல்லது நான்கு முறை வரும். ஒவ்வொன்றும் 40 முதல் 60 நொடி. அப்படியானால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடமாவது வலி இல்லாத நேரம். அந்த இடைவெளியில் உடம்பைத் தளர்த்தி ஓய்வெடுக்கத் தெரிந்தவள் கடைசிவரை தாக்குப்பிடிப்பாள். அடுத்த வலியை எண்ணி இடைவெளியிலும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவள் பாதியிலேயே களைத்துவிடுவாள். உடம்பைப் பழக்குவது பற்றி நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஆறு நிமிடத்துக்காகத்தான்.

ஊர் மாறும்போது

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நல்ல வழக்கம். பெற்ற அம்மா பக்கத்தில் இருப்பதற்கு ஈடு கிடையாது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஆறு மாதம் கோயம்புத்தூரில் ஒரே டாக்டரிடம் காட்டிய பெண், கடைசி இரண்டு மாதத்துக்குப் பட்டுக்கோட்டைக்கோ தேனிக்கோ போகிறாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. அவளுக்கும் அந்த மருத்துவமனையின் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. வலி வந்த இரவில்தான் இரண்டு தரப்பும் முதல்முறையாகப் பார்த்துக்கொள்கின்றன. எத்தனை தைரியசாலியும் அங்கே தடுமாறத்தான் செய்வாள்.

32 வாரத்துக்குள் புது மருத்துவரை ஒருமுறையாவது நேரில் பாருங்கள். ஸ்கேன் அறிக்கைகள், ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரைப் பரிசோதனை முடிவு, ரத்த அழுத்தம் குறித்த சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள், 28-ஆம் வாரத்தையொட்டி ஓர் ஊசி போட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் பிக்மி எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். புது ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லிவையுங்கள்.

அந்தச் சந்திப்பில் கேட்க வேண்டியவை இவை. "வலி நேரத்துல என்கூட ஒருத்தர் இருக்கலாமா? எழுந்து நடக்க விடுவீங்களா? கஞ்சி, தண்ணி குடிக்கலாமா? வலி குறைய இங்க என்ன வசதி இருக்கு? ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா யார் இருப்பாங்க? ஆபரேஷன் தேவைப்பட்டா இங்கேயே செய்வீங்களா, வேற ஊருக்கு அனுப்புவீங்களா? ரத்தம் வேணும்னா எங்கிருந்து வரும்? தலைப்பிரசவத்துல எத்தனை பேருக்கு இங்க சிசேரியன் ஆகுது?"

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்குவீர்கள், தெரியும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் முடிகின்றன. இந்திய அளவில் அது 21.5. தனியார் மருத்துவமனைகளில் விகிதம் அரசு மருத்துவமனைகளைவிட மிகவும் அதிகம். இப்படிப்பட்ட மாநிலத்தில் அந்தக் கேள்வி மரியாதைக்குறைவு ஆகாது. எட்டாம் மாதத்தில் இவற்றைக் கேட்டதற்கே ஒரு மருத்துவர் எரிந்து விழுந்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். வேறு இடம் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது.

முடிந்தால் பிரசவ அறையையே ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். எந்த வாசல், எந்த மாடி, கழிப்பறை எங்கே, கட்டில் எப்படி, துணைக்கு வருபவர் எங்கே உட்காருவார். கண்ணால் ஒருமுறை பார்த்த இடம் பாதி பழகிய இடம்.

செலவை நினைத்துக் கலங்குகிறவர்களுக்கு ஒன்று: 2011 முதல் மத்திய அரசுத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், தேவையானால் சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வீடு திரும்ப வாகனம் எல்லாம் இலவசம். போவதற்கு 108.

பயத்துக்கு மாற்றாக வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்ற பேச்சு இப்போது சில இடங்களில் பரவுகிறது. 2018-இல் திருப்பூரில் இணையக் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முயன்றதில் ஓர் இளம்தாய் ரத்தப்போக்கில் இறந்தார். நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்கும் குழந்தை பிறந்தபின் ரத்தம் நிற்காமல் போகலாம், நிமிடங்களில் நிலைமை கைமீறிவிடும். அந்தக் காலத்தில் பாட்டி வீட்டிலேயே எட்டுப் பெற்றாள் என்பார்கள். பெற்றபோதே இறந்துபோன பாட்டிகளைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2004–06 காலத்தில் ஒரு லட்சம் பிறப்புக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20-இல் அது 54. இந்த இறக்கம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களும் செவிலியர்களும் ரத்த வங்கிகளும் சேர்ந்து கொண்டுவந்தது. அமைதியை மருத்துவமனைக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

உடம்பைப் பழக்குவது

"வீட்டு வேலை செய், சுகப்பிரசவம் ஆகும்" என்பது மாமியார்கள் வாக்கு. அதில் உடம்பு அசைய வேண்டும் என்ற அளவுக்கு உண்மை உண்டு. குடம் சுமப்பதும் மாவாட்டுவதும் பயிற்சி ஆகிவிடாது. தினம் அரை மணி நேர நடை, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதல், இரண்டு பாதங்களையும் சேர்த்து முழங்கால்களை விரித்து உட்காரும் பத்த கோணாசனம், மருத்துவர் சம்மதித்தால் சுவரையோ ஒருவர் கையையோ பிடித்துக் குந்தி எழுதல். இவை இடுப்புக்கும் தொடைக்கும் போதும். கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களும் ரத்த அழுத்தம், முன்கூட்டிய வலி உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலாக ஹீமோகுளோபின். 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போகத்தான் செய்யும். 12 இருப்பவள் அதைத் தாங்குவாள், 8 இருப்பவளுக்கு அதே அளவே ஆபத்தாகும். இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கலைத் தருகிறது என்று தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பவர்கள் நிறையப் பேர். ஒளிக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள், மாற்று மாத்திரையோ ஊசியோ உண்டு. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்த்து அதை விழுங்காதீர்கள், சத்து ஏறாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக ஏறும்.

மூச்சுப் பயிற்சிக்குத் தனி வகுப்பு அவசியமில்லை. மூக்கால் நிதானமாக உள்ளே இழுத்து, அதைவிட நீளமாக வாயால் வெளியே விடுவது, அவ்வளவே. விடும்போது தாடையும் தோளும் தளர வேண்டும். தாடையை இறுக்கினால் இடுப்பும் இறுகும், செய்து பார்த்தால் தெரியும். தினம் இரவு பத்து நிமிடம் கணவரோ அம்மாவோ உடன் உட்கார்ந்து செய்யுங்கள். பழகியபின் உள்ளங்கையில் ஒரு ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு அதே மூச்சை விட்டுப் பாருங்கள். கை விறுவிறுக்கும், விட்டுவிடத் தோன்றும். மூச்சில் கவனம் வைத்தால் ஒரு நிமிடம் கடந்துவிடும். பிறகு இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி ஐஸ் கட்டி. வலி வரும்போது செய்யப்போவதன் ஒத்திகை இது.

தையல் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமலே விடுபவர்கள் அதிகம். 34, 35-ஆம் வாரத்திலிருந்து வாரத்தில் ஓரிரு முறை, கைகழுவி, சுத்தமான தேங்காய் எண்ணெய் தொட்டுப் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியை மெதுவாக நீவிக் கொடுத்தால் தலைப்பிரசவத்தில் தையல் போட வேண்டிய வாய்ப்பு குறைகிறது. எப்படிச் செய்வது என்று செவிலியர் காட்டித் தருவார். தொற்று இருந்தாலோ பனிக்குடம் உடைந்திருந்தாலோ செய்யக் கூடாது.

குழந்தையின் அசைவைத் தினமும் கவனியுங்கள். "பிரசவம் நெருங்கினா குழந்தை அசையாது" என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. அசைவின் விதம் மாறலாம், குறையக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் காலை வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சூட்டு வலியா, நிஜ வலியா

குறித்த தேதி பிரசவத் தேதி என்று குடும்பமே நம்பிவிடுகிறது. அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துதான் இருக்கும். 37 வாரம் முடிந்ததிலிருந்து 41 வாரம் வரை எப்போதும் பிறக்கலாம். தேதி தாண்டிய மறுநாளே உறவினர் தொலைபேசியில் விசாரிக்கத் தொடங்குவார்கள், அது அவளைத்தான் நெருக்கும். எல்லோருக்கும் ஒரு வாரம் தள்ளியே தேதி சொல்லிவிடுங்கள் என்பது என் யோசனை. 41 வாரம் ஆகியும் வலி வராவிட்டால் மருத்துவர் வலி வரவழைப்பதைப் பற்றிப் பேசுவார், அது நியாயமானது. வீட்டில் விளக்கெண்ணெய் குடித்து வலியை வரவழைக்கும் பழைய வைத்தியம் வேண்டாம். வாந்தியும் பேதியுமாகி, நீர்ச்சத்து வற்றிப்போய் பிரசவ அறைக்கு வருவார்கள்.

கடைசி வாரங்களில் சூட்டு வலி வரும், போகும். இதற்குப் பாட்டிமார் வைத்திருக்கும் சோதனை இன்றைக்கும் சரியானது. சீரகக் கஷாயம் குடித்து, வெந்நீர் ஊற்றிக் குளித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். சூட்டு வலியானால் அடங்கும். நிஜ வலி எதற்கும் அடங்காது. இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும், வலு கூடிக்கொண்டே போகும்.

நிஜ வலி என்று தெரிந்ததும் உடனே ஓட வேண்டியதில்லை. கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறப்பது 10 சென்டிமீட்டர். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியின்படி 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் தீவிரக் கட்டம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கட்டம் சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேல். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றும் அந்த வழிகாட்டி சொல்கிறது. "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்ற நிலையில் சேர்ந்துவிட்டால் கட்டிலில் படுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "இன்னும் முன்னேற்றம் இல்லை" என்று நான்கு பேர் சொல்லக் கேட்டுக் கேட்டு, நன்றாகவே போய்க்கொண்டிருக்கும் பிரசவத்திலும் அவள் நம்பிக்கை இழப்பாள். அந்த நேரத்தை வீட்டில் கழியுங்கள். இட்லி, கஞ்சி, மோர் என்று வயிற்றுக்கு இதமாகச் சாப்பிடுங்கள். பகலானால் நடங்கள், இரவானால் தூங்க முயலுங்கள். சிக்கல் எதுவும் இல்லாத தலைப்பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். மருத்துவமனை தூரமானால் முன்பே கிளம்புங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாத நேரங்கள் உண்டு. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும், தண்ணீர் பச்சை நிறமாக இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்தம் போனால், கடுமையான தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ வந்தால், காய்ச்சல் அடித்தால், அசைவு குறைந்தால், 37 வாரத்துக்கு முன் வலி வந்தால் நேரே மருத்துவமனைக்குத்தான். முன்பு சிசேரியன் ஆனவர்களும் இரட்டைக் குழந்தை சுமப்பவர்களும் முதல் வலியிலேயே போய்விட வேண்டும்.

பக்கத்தில் யார்?

நான் எழுதுவதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்: வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை பக்கத்தை விட்டு நகராத ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் கோயில் கதை நம் எல்லோருக்கும் தெரியும். பிரசவத்துக்கு வர வேண்டிய அம்மா காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். இங்கே மகள் தனியாக வலியில் துடிக்கிறாள். சிவபெருமான் அந்த அம்மாவின் உருவில் வந்து உடனிருந்து பிரசவம் பார்க்கிறார். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் சாத்துகிறார்கள். வலியைப் போக்கு என்று அந்தப் பெண் கேட்டதாகக் கதையில் இல்லை. அம்மா பக்கத்தில் இல்லையே என்றுதான் தவித்தாள். அதற்கு அம்மாவாகவே வந்து நின்றார் என்று சொல்லிவைத்த நம் முன்னோருக்குப் பிரசவ அறை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. பல நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் குழு 2017-இல் வெளியிட்ட அறிக்கை உண்டு. பிரசவம் முழுவதும் இடைவிடாத துணை இருந்த பெண்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாக ஆனது, சிசேரியன் குறைந்தது, பிரசவ நேரமும் சற்றுக் குறைந்தது. பிற்பாடு கசப்போடு அந்த நாளை நினைத்தவர்களும் குறைவு. மருந்தில்லை, கருவியில்லை, ஒரு மனுஷி பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒருவரை அனுமதிக்கச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வழிகாட்டி தந்தது. தமிழகத்தில் அதற்கு முன்பே இந்த முறை இருந்தது. பெண் உறவினராக, ஏற்கெனவே பிள்ளை பெற்றவராக இருப்பது விரும்பத்தக்கது. மறைவு வசதி உள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம். "உள்ள யாரையும் விடமாட்டோம்" என்று ஒருவர் சொன்னால், அரசு விதியே அனுமதிக்கிறது என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். வலி நேரத்தில் வாசலில் நின்று கேட்டால் பேச்சு நீளும். எட்டாம் மாதத்திலேயே கேட்டு முடித்துவிடுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? அம்மாதான் என்று எல்லோரும் எடுத்த எடுப்பில் சொல்வார்கள். மகள் முனகினாலே அழுதுவிடும் அம்மாக்களும் உண்டு. மகள் தன் வலியை மறைத்து அம்மாவைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் அக்காவோ அண்ணியோ சித்தியோ மேல். மாமியாரிடம் மனம் ஒட்டியிருந்தால் மாமியாரே இருக்கட்டும். யார் பெயரைச் சொன்னால் கர்ப்பிணியின் முகம் தெளிகிறதோ அவர்தான் சரியான ஆள். இதில் உறவு முறை வரிசை, கோபதாபம் எதுவும் குறுக்கே வரக் கூடாது. இந்த ஒரு விஷயத்திலாவது அவள் விருப்பப்படி விடுங்கள் என்று குடும்பத்துப் பெரியவர்களை வேண்டிக்கொள்கிறேன். மாற்றிவிட இன்னொருவர் பெயரையும் சேர்த்து வையுங்கள், நீண்ட பிரசவத்தில் துணையும் களைத்துப்போவார்.

துணைக்கு இருப்பவர் செய்ய வேண்டியது இதுதான். வலி வரும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பின் கீழ், முதுகெலும்பு முடியும் இடத்தில் நன்றாக அழுத்திக் கொடுங்கள். இடைவெளியில் ஒரு மிடறு தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போங்கள், நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தை இறங்குவதைத் தடுக்கும். மூச்சை அவளோடு சேர்ந்து நீங்களும் விடுங்கள், அவள் மறந்துபோனால் உங்களைப் பார்த்து நினைவுக்கு வரும். "இதோ இந்த வலி போயிடுச்சு, நல்லா சமாளிச்சே" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்கக் கூடாது. உங்கள் பிரசவக் கதையை வேறொரு நாள் சொல்லலாம். செவிலியர் வேலைக்குக் குறுக்கே நிற்காதீர்கள்.

கணவர் உள்ளே போக முடியாவிட்டாலும் அவருக்கு வேலை இருக்கிறது. வெளியே இருக்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு உள்ளே இருப்பவளுக்கோ துணைக்கோ போகக் கூடாது. கோப்பு, ஆதார், பிக்மி எண், பணம், ரத்தம் கொடுக்க ஒத்துக்கொண்ட இரண்டு மூன்று பேரின் எண்கள் எல்லாம் அவர் கையில் இருக்கட்டும். பைக்குள் பழைய பருத்தி வேட்டித் துணி, முன்னால் திறக்கும் நைட்டி, பெரிய நாப்கின், ஃபிளாஸ்க், சார்ஜர் இருந்தால் போதும்.

அறைக்குள்

தட்டையாக மல்லாந்து படுப்பது மருத்துவருக்கு வசதி, பெற்றுக்கொள்பவளுக்கு அது கடினமான நிலை. நடப்பது, கட்டில் கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்பது, முழங்காலிட்டு இருப்பது, இடப்பக்கம் ஒருக்களிப்பது எல்லாம் வலியைத் தாங்க எளிது, குழந்தை இறங்கவும் உதவும். பிறப்புறுப்பு முடியை மழிப்பது, எனிமா கொடுப்பது, எல்லோருக்கும் தையலுக்காக வெட்டுவது ஆகியவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குழந்தை வெளியே வர மேலிருந்து வயிற்றை அழுத்தித் தள்ளுவதையும் அது ஏற்கவில்லை. இவற்றை முன்பே மருத்துவரிடம் பேசி, முடிந்தால் ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள். முக்குவதற்கு அவசரம் வேண்டாம். முழுதாகத் திறந்து, மலம் கழிக்க வருவதுபோல் தானாக உந்தல் வரும்போது முக்கினால் போதும்.

கத்துவது தப்பில்லை. ஆனால் தொண்டையிலிருந்து கீச்சென்று கத்துவது உடம்பை இறுக்கும், அடிவயிற்றிலிருந்து 'ஆ…' என்று தணிந்த குரலில் முனகுவது தளர்த்தும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன், வித்தியாசம் பெரிது. கத்துகிற பெண்ணை அதட்டுவது, "பெத்துக்க ஆசைப்பட்டா மட்டும் போதுமா" என்று கொச்சையாகக் கேலி செய்வது இன்னமும் சில பிரசவ அறைகளில் நடக்கிறது. இதை நான் மன்னிக்க முடியாத தவறாகவே நினைக்கிறேன். உலகத்திலேயே மிகக் கடினமான வேலையைச் செய்துகொண்டிருப்பவளிடம் பேசும் முறை அது இல்லை. அப்படி நடந்தால் துணையாக இருப்பவர் சண்டைக்குப் போகாமல், "சிஸ்டர், அவ பயந்துட்டா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்று சொன்னாலே பெரும்பாலும் குரல் இறங்கிவிடும். பிறகும் தொடர்ந்தால் பணியில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலி தாங்கவில்லை என்றால் மருந்து கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. முதுகில் போடும் எபிடியூரல் பல தனியார் மருத்துவமனைகளிலும் சில பெரிய அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. அதனால் சிசேரியன் கூடும் என்ற பயம் ஆய்வுகளில் நிலைக்கவில்லை. முக்கும் கட்டம் மட்டும் சற்று நீளலாம்.

சிசேரியனுக்கும் தயாராக இருங்கள். கொடி கழுத்தில் சுற்றியிருப்பது பல குழந்தைகளுக்கு இயல்பாகவே இருக்கும், அது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. ஆனால் குழந்தையின் இதயத்துடிப்பு தொடர்ந்து குறைந்தாலோ, நஞ்சு வழியை அடைத்திருந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ அறுவைதான் உயிரைக் காக்கும். அப்போது "என்ன காரணம், எவ்வளவு அவசரம்?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலும் இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகும் ஊசிதான். நீங்கள் விழித்திருப்பீர்கள், குழந்தையின் முதல் அழுகையைக் கேட்பீர்கள். அறுவையில் பெற்றவளிடம் "நார்மல் ஆகலையா?" என்று உச்சுக்கொட்டுகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நட்சத்திரம் பார்த்து நாள் குறித்து அறுவை செய்துகொள்வதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. 39 வாரத்துக்கு முன் காரணமில்லாமல் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுதல்.

பிறந்த பிறகு

கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால் குழந்தைக்கு ரத்தமும் இரும்புச்சத்தும் கூடுதலாகச் சேரும். குழந்தை நன்றாக இருந்தால் துடைத்த கையோடு தாயின் வெற்று மார்பில் போடச் சொல்லுங்கள், முதல் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்கட்டும். அதற்குள் சீம்பால் கொடுத்துவிடலாம். சிசேரியன் ஆனவர்களும் உதவியோடு கொடுக்கலாம். சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம்.

முதல் நாள் எல்லோர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும். துணைக்கு இருப்பவர் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, கட்டிகட்டியாக ரத்தம் வந்தாலோ, தலை சுற்றி வியர்த்தாலோ செவிலியரைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு உண்டு, தூக்கமும் ஆறுதலும் கிடைத்தால் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காவிட்டால், குழந்தையைத் தூக்கவே பிடிக்காவிட்டால், தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராவிட்டால் அது மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வு. பச்சை உடம்புக்காரியின் சோம்பல் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். பிரசவம் பார்த்த மருத்துவரிடமே சொல்லலாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கணவரோ அம்மாவோ அழைத்துக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.